இரண்டாம் குழாய், நான்காம் துண்டு

ஸ்ஃபாக்ஸ்
12 ஜனவரி 1992

அடி கிஸ்லான்,

உறை மேல என் கையெழுத்தைப் பார்த்ததும் குப்பைக்கூடையில போட்டுடாத. ரெண்டு வருஷமா ஒரு வரி எழுதாதவ இப்ப எதுக்கு எழுதறான்னு தோணும். தோணட்டும். சமாதானம் பேச வரல நான். எனக்கு ஒரு காரியம் ஆகணும், அது உன் கையிலதான் இருக்கு.

கோபத்துல எல்லாத்தையும் மறந்திருப்ப, அதனால ஆரம்பத்துலேருந்து சொல்றேன். 1986ல மொரித்தானியாக் கரைக்கு வெளியே, கப்பல்ல நாம ரெண்டே பொம்பளைங்க, வாந்தி எடுத்துக்கிட்டே கடலடிச் சேத்தை மேல ஏத்தினோமே. ஒரே இடத்துல ரெண்டு குழாய் இறக்கினாங்க. முதல் குழாயைப் பேராசிரியர் ஹம்தூன் தனக்குன்னு எடுத்துக்கிட்டார். ரெண்டாவதை உபரின்னு சொல்லி எனக்குத் தள்ளிவிட்டார். ரெண்டு குழாயையும் மீட்டர் மீட்டரா நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் நீளவாக்குல பிளந்து, ஒரு பாதி ஆராய்ச்சிக்குன்னு இங்க வந்துச்சு. யாரும் கத்தி வைக்கக் கூடாத காப்புப் பாதி உன் குளிர் அறைக்குப் போச்சு.

என் ரெண்டாம் குழாய், நாலாம் துண்டு. அதுல கீழே கறுப்புச் சேறு, சஹாரா முழுக்கப் புல்லும் ஏரியுமா இருந்தப்போ ஆறுங்க அடிச்சிட்டு வந்தது. மேலே மஞ்சள் தூசி, எல்லாம் பாலைவனம் ஆனப்புறம் காத்து கடல்ல கொட்டினது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு கோடு. கத்தியால வெட்டின மாதிரி ஒரே ஒரு கோடு. மேலயும் கீழயும் ஊசிமுனைச் சிப்பிகளைப் பொறுக்கி வயசு பார்க்க அனுப்பினேன். ரெண்டு வயசும் ஒட்டி ஒட்டி வந்துச்சு. மூணு நாலு தலைமுறைக்குள்ள மழை நின்னுபோயிருக்கு கிஸ்லான்! பாட்டன் மீன் பிடிச்ச ஏரி பேரன் கண்ணுக்கு மணலாத்தான் தெரிஞ்சிருக்கு. அதைத்தான் கட்டுரையா எழுதிப் போட்டேன்.

ஹம்தூனோட முதல் குழாய்ல அதே மாத்தம் மெல்ல மெல்ல நடக்குது. கறுப்பு பழுப்பாகி, பழுப்பு மஞ்சளாகி, ஆயிரம் வருஷம் இழுக்குது. அவர் பேரு வாங்கினதே அதை வெச்சுத்தான். இப்ப என்ன சொல்றார் தெரியுமா? என் கோடு கடல்ல உண்டானதே இல்லையாம், கப்பல் தளத்துல உண்டானதாம். ஒரு சாண் சேறு கீழே கொட்டிப்போய், மிச்சம் ரெண்டு முனையையும் ஒட்டவெச்சு மூடியைப் போட்டுட்டாங்களாம். மூடி போட்டது யாரு? நீ.

ஒரு காகிதம் அடிச்சு என் மேசையில வெச்சிருக்கார். "தளத்தில் சேற்றைக் கையாண்ட உதவியாளர் கிஸ்லானின் பிழை." அடியில நான் கையெழுத்துப் போட்டா என் வேலை பிழைக்கும், இல்லன்னா போயிடும். ஏப்ரல்ல உங்க ஊர்ல, குழாய்ங்களைப் பாதுகாக்கற சேமிப்புக் குழு கூடும்போது ரெண்டாம் குழாயைக் கெட்டுப்போனதுன்னு சொல்லித் தூக்கி எறியப் போறாங்க. குழுவுக்குத் தலைவரும் அவரேதான், ரொம்ப வசதி.

என் பாதியில அந்தக் கோடு இப்ப இல்ல. சிப்பிக்காகக் கரண்டி கரண்டியா நானே சுரண்டித் தீர்த்துட்டேன். உன்கிட்ட இருக்கற பாதியில அது அப்படியே இருக்கு. எடுத்துப் பாரு. பார்த்துட்டு எழுது.

தலேந்தா


அகாதிர்
30 ஜனவரி 1992

மதிப்பிற்குரிய டாக்டர் தலேந்தா அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. தங்கள் உடல்நலம் சிறக்கப் பிரார்த்திக்கிறேன்.

காப்புப் பாதியில் ஆய்வு செய்யக் குழுத் தலைவரின் எழுத்துமூல அனுமதி தேவை. தலைவர் பேராசிரியர் ஹம்தூன் அவர்கள். தங்களுக்குப் பக்கத்து அறைதான். கேட்டுப் பெற்றுக்கொள்ளவும்.

இப்படியே முடிச்சிடலாம்னுதான் உட்கார்ந்தேன். கை கேட்கல.

நல்லா இருக்கீங்க டாக்டர். அந்தச் சேத்துல பாதியை நான் சுமந்தேன். சிப்பியைப் பொறுக்கி ஒரு குளிர்காலம் முழுக்க உங்க ஸ்ஃபாக்ஸ்ல கண்ணைக் கெடுத்துக்கிட்டேன். கட்டுரை வந்துச்சு. பிரிச்சுப் பார்த்தேன். என் பேரைத் தேடினேன். அடியில நன்றின்னு ஒரு வரி இருக்கே, கப்பல் சமையல்காரர் பேரெல்லாம் போட்டு, அதுலகூட இல்ல. சரி, இடம் இல்லபோலன்னு நினைச்சுக்கிட்டேன். இப்பத்தான் புரியுது. கட்டுரையில என் பேருக்கு இடம் இல்ல, பிழையில மட்டும் தாராளமா இடம் இருக்கு.

உங்களுக்குக் காரியம் ஆகணும்னா கிஸ்லான். பேரு வாங்கணும்னா தலேந்தா மட்டும்.

துண்டை நான் எடுக்க மாட்டேன். எடுக்கறதுக்கு எனக்கு ஒரு அவசியமும் இல்ல. எந்தக் குழாய்ல என்ன ஆச்சுன்னு என்னை யாரும் கேட்கவும் வேண்டாம்.

கிஸ்லான்
சேமிப்புக் காப்பாளர்


ஸ்ஃபாக்ஸ்
12 பிப்ரவரி 1992

கிஸ்லான்,

'நீங்க'வாம், 'டாக்டர்'ராம்! என் தலைமுடியைப் பிடிச்சுக்கிட்டு வாந்தி எடுக்க வெச்சவ நீ, உனக்கு நான் டாக்டரா? இன்னொரு தடவை 'நீங்க'ன்னு எழுதினா அடுத்த கப்பல் ஏறி அங்க வந்து உன் வாசல்ல உட்கார்ந்துடுவேன், பார்த்துக்கோ.

பேரு விஷயத்துக்கு வரேன். உன் பேரு இருந்துச்சு. நான் எழுதின பிரதியில இருந்துச்சு. ஹம்தூன் சிவப்பு மையால அடிச்சார். "காப்பாளருக்கெல்லாம் பேரு போட்டா நாளைக்கு மாலுமி கேட்பான்"னார். நான் கத்தினேன், அப்புறம் விட்டுட்டேன். விட்டது தப்புத்தான். எனக்கு அந்தக் கட்டுரை வெளிய வரணும்னு அவ்வளவு வெறி. திட்டணும்னா பக்கம் பக்கமாத் திட்டு, உட்கார்ந்து படிக்கறேன். ஆனா அந்தச் சேறு உனக்கு என்னடி பண்ணுச்சு?

காகிதத்துல நான் இன்னும் கையெழுத்துப் போடல. என் மேசையைத் தூக்கி, பழைய வலையும் கடல்ல மிதக்க விடற போயாவும் போட்டு வெச்சிருக்கற அறையில வெச்சுட்டாங்க. நுண்ணோக்கியைப் பூட்டிட்டாங்க. தேநீர் கொண்டுவர்ற பெரியவர்கூட என் கதவைத் தட்டறதுக்கு முந்தி நடைக்கூடத்தை ரெண்டு பக்கமும் எட்டிப் பார்க்கறார். சிரிப்புத்தான் வருது எனக்கு.

இதை ஒரு கோட்டுக்காகப் பிடிவாதம்னு நினைக்காத. போன வாரம் அமைச்சகத்துலேருந்து ஆளுங்க வந்தாங்க. தெற்கே பேரீச்சந்தோப்புங்களுக்கு ஆழ்கிணறு மேல ஆழ்கிணறா வெட்டப் போறாங்க. ஹம்தூன் தன்னோட வரைபடத்தை விரிச்சு, "வானிலை மாறும், ஆனா மெதுவா மாறும். பத்துப் பதினைஞ்சு தலைமுறைக்கு அவகாசம் இருக்கு"ன்னு சொன்னார். அவங்க தலையை ஆட்டி, பக்லாவா இனிப்பைச் சாப்பிட்டு, கையைத் துடைச்சுக்கிட்டுப் போனாங்க. நான் எழுந்து, "மெதுவா மாறும்னு மழை உங்ககிட்ட எழுதிக் கொடுத்துச்சா?"ன்னு கேட்டேன். என்னை வெளிய போகச் சொன்னாங்க. என் வீட்டுக்காரர் ஊர் அந்தத் தெற்குதான். அவங்க அம்மா கிணத்துல இப்பவே வாளி தரை தட்டுது.

கடைசியில ஒண்ணு எழுதியிருக்க: "எந்தக் குழாய்ல என்ன ஆச்சுன்னு கேட்க வேண்டாம்." நான் கேட்கறேன். என்ன ஆச்சு கிஸ்லான்? எந்தக் குழாய்?

தலேந்தா


அகாதிர்
28 பிப்ரவரி 1992

தலேந்தா,

நீ விடமாட்ட. தெரியும்.

சொல்றேன். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, அம்மாகிட்டகூட இல்ல.

அன்னிக்குக் கடல் எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியும். நீ உள்ளே படுத்திருந்த. நான் தளத்துல நின்னு மூடி போட்டுக்கிட்டிருந்தேன். ஒரு துண்டைத் தூக்கும்போது கப்பல் சாய்ஞ்சுச்சு. குழாய் வாயிலேருந்து சேறு வழுக்கிட்டு வெளிய வந்து என் மடியில விழுந்துச்சு. கொஞ்சம் இல்ல, ரெண்டு கை நிறைய. பின்னாடி மாலுமிங்க நின்னு, "பொம்பளைங்களை ஏத்தினா இப்படித்தான்"னு சிரிச்சானுங்க. எனக்குக் காது அடைச்சுப்போச்சு. அள்ளினேன், உள்ளே திணிச்சேன், மூடியைப் போட்டேன். எதுவுமே ஆகாத மாதிரி அடுத்த துண்டை எடுத்தேன். அங்கேயே, கப்பல்ல இருந்த தலைமை ஆராய்ச்சியாளர்கிட்ட சொல்லியிருக்கணும். சொன்னா அடுத்த கப்பல்ல ஒரு பொம்பளையையும் ஏத்த மாட்டாங்கன்னு பயம்.

அது எந்தக் குழாய்னு கேட்கற. அதுதான் எனக்கும் தெரியல. ரெண்டு குழாயும் ஒரே நாள்ல ஏறுச்சு. மூடிங்க எல்லாம் ஒரே மாதிரி. நான் பயந்த பயத்துல எண்ணைக்கூடப் பார்க்கல.

ஆறு வருஷமா அந்த அறைக்கு நான்தான் காவல். தினம் அலமாரியைத் தாண்டிப் போறேன். ஒரு நாள்கூட எடுத்துப் பார்த்ததில்ல. விதின்னு சொல்லுவேன். விதி இல்ல, பயம்.

அது உன் நாலாம் துண்டா இருந்தா? ஹம்தூன் சொல்றதுதான் உண்மைன்னு ஆயிடும். உன் கோடு என் கையால உண்டான கோடுன்னு ஆயிடும். நீயும் முடிஞ்ச, நானும் முடிஞ்சேன். அதனால சொல்றேன் கேளு. கையெழுத்துப் போட்டுடு. என் பேரு ஏற்கெனவே இல்லாத பேருதான், அதுக்கு இனிமே என்ன கெடப்போகுது? உனக்கு ஒரு வேலையாவது மிஞ்சட்டும்.

பால்கனியில துணி காயுது, எடுக்கணும். மீன் மாவு ஆலைப் பக்கத்துலேருந்து காத்து அடிச்சா எல்லாத்தையும் திரும்பத் துவைக்கணும்.

கிஸ்லான்


ஸ்ஃபாக்ஸ்
11 மார்ச் 1992

அடி பைத்தியக்காரி,

போட மாட்டேன். பெரிய எழுத்துல எழுதறேன், கண்ணைத் திறந்து படி: போட மாட்டேன்!

நோன்பு வெச்சுக்கிட்டு இப்படிக் கத்தக் கூடாதுன்னு என் வீட்டுக்காரர் சொல்றார். கத்துவேன். ஆறு வருஷம் இதை நெஞ்சுல வெச்சுக்கிட்டு அந்த ஐஸ் பெட்டிக்குள்ள உட்கார்ந்திருக்க, எனக்கு ஒரு வரி எழுதத் தோணல உனக்கு. பேரு போடலன்னு ரெண்டு வருஷம் முறுக்கிக்கிட்டதுக்கு அடியில இதுவும் கிடந்துச்சா?

நல்லாக் கேளு. கோடு பொய்யா இருந்தா அது பொய்யின்னு நான்தான் சொல்லணும். ஹம்தூன் பார்க்காமலே சொல்றார். அவருக்குத் தளத்துல என்ன நடந்துச்சுன்னும் தெரியாது, உன் மடியில என்ன விழுந்துச்சுன்னும் தெரியாது. மாலுமிங்க சிரிச்ச கதை எப்படியோ காதுல விழுந்து, தனக்கு ஆகாத என் குழாய்ல அதைச் செருகிட்டார். அப்படிப்பட்டவருக்கு நான் கையெழுத்துப் போடறதா? என் கட்டுரை செத்தா என் கையால சாகட்டும். நானே குழி தோண்டறேன், நானே யாசீன் ஓதறேன்.

புழுவைக் கேளு கிஸ்லான். கடலடியில புழுங்க மேலேருந்து கீழே துளை போடும். துளைக்குள்ள மேல இருக்கற மண்ணு இறங்கி நிரம்பும். கோடு கடல்லயே உண்டானதா இருந்தா, ஏதாவது ஒரு புழு மஞ்சள்லேருந்து கறுப்புக்கு அந்தக் கோட்டைத் தாண்டிப் போயிருக்கும், துளை அறுபடாம இருக்கும். நீ ஒட்டவெச்ச கோடா இருந்தா எல்லாத் துளையும் கோட்டுல வந்து முட்டி நிக்கும். ஐயாயிரம் வருஷத்துக்கு முந்தின புழு உன் மூடியைப் பார்த்துப் பயப்படாது.

கத்தி படக் கூடாதுன்னு விதி. சரி, படவேண்டாம். எக்ஸ்ரே படக் கூடாதுன்னு எந்த விதியில எழுதியிருக்கு? உன் மாமா பொண்ணு நஜாத் கிளினிக்குல எக்ஸ்ரே எடுக்கறாதானே? எலும்பு தெரியற படத்துல புழு தெரியாதா?

எது வந்தாலும் எழுது. எது வந்தாலும் நான் உன் பக்கம்தான் நிப்பேன். போன தடவை நிக்கல, இந்தத் தடவை நிப்பேன்.

தலேந்தா


அகாதிர்
6 ஏப்ரல் 1992

தலேந்தா,

பெருநாள் வாழ்த்து. உட்கார்ந்து படி. நின்னுக்கிட்டுப் படிக்காத.

பெருநாளுக்கு மறுநாள் கிளினிக் காலியா இருந்துச்சு. உன் நாலாம் துண்டைக் கம்பளியில சுத்தி, வாடகை வண்டியில மடி மேல வெச்சுக்கிட்டுப் போனேன். வண்டிக்காரர், "பெரிய மீனாம்மா?"ன்னு கேட்டார். "நோயாளி"ன்னேன்.

நஜாத் அதை மேசையில கிடத்தி, முழங்கால் எடுக்கற மாதிரி மூணு இடத்துல எடுத்தா. "மூச்சைப் பிடி"ன்னு பழக்கத்துல அதுக்குச் சொன்னா. நான் சுவத்தைப் பார்த்துக்கிட்டு நின்னேன். படத்தை விளக்குல மாட்டினதும் திரும்ப மாட்டேன்னுட்டேன். அவதான் என் தாடையைப் பிடிச்சுத் திருப்பினா.

புழு இருக்குடி.

ஒண்ணு இல்ல, ரெண்டு. கோட்டுக்கு ஒரு விரக்கடை மேல ஆரம்பிக்குது, வளைஞ்சு இறங்குது, கோட்டைத் தாண்டுது, கறுப்புக்குள்ள இன்னும் நீளமாப் போகுது. ஒரு இடத்துல அறுபடல, நெளிசல் இல்ல, விரிசல் இல்ல. என் கை அங்க படல. அந்தக் கோடு கடலோட கோடு. அங்கேயே தரையில உட்கார்ந்து அழுதேன். நஜாத் யாரோ செத்துட்டாங்கன்னு நினைச்சு அவளும் அழுதா.

அழுது முடிச்சப்புறம்தான் ஒண்ணு உறைச்சது. ரெண்டு கைச் சேறு என் மடியில விழுந்தது நிஜம். உன் குழாய்ல இல்லன்னா எங்கே போச்சு?

அடுத்த நாள் ஹம்தூனோட முதல் குழாயோட காப்புப் பாதியைத் தூக்கிட்டுப் போனேன். கறுப்பு பழுப்பாகி, பழுப்பு மஞ்சளாகி, அவர் ஆயிரம் வருஷம்னு சொல்ற அந்தத் துண்டு. அதே வண்டிக்காரர். "இன்னொரு நோயாளியா?"ன்னார். ஆமான்னேன்.

படத்துல ஒரு புழு இல்ல தலேந்தா. ஒரு துளை இல்ல. ரொட்டிக்கு மாவு பிசைஞ்சு அழுத்தின மாதிரி சுழி சுழியாக் கிடக்கு. கறுப்பையும் மஞ்சளையும் கலந்தா பழுப்புத்தானே வரும்? அவரோட "மெல்ல மெல்ல" வானிலை மாறினதால வந்தது இல்ல. நான் கையால திணிச்சதால வந்தது.

இன்னும் இருக்கு. அந்தச் சுழிக்கு நடுவுல வெள்ளை வெளேர்னு ஒண்ணு. நஜாத் பார்த்துட்டு, "இதை யாரு முழுங்கினா?"ன்னா. ஊக்கு. சேஃப்டி பின். தளத்துல காத்து அடிக்குதேன்னு முக்காட்டைக் கழுத்தடியில குத்தி வெச்சிருந்தேன். அன்னிக்குச் சாயங்காலம் முக்காடு பறக்குது, ஊக்கைக் காணோம், கடல்ல விழுந்துடுச்சுன்னு நினைச்சேன். அது பேராசிரியர் ஹம்தூனோட ஐயாயிரம் வருஷத்துக்குள்ள ஆறு வருஷமா உட்கார்ந்திருக்கு.

சிரிக்கறதா அழறதான்னு தெரியல. சிரிச்சேன்.

கூட்டம் 21ஆம் தேதி. அவர் வர்றார்.

கிஸ்லான்


ஸ்ஃபாக்ஸ்
14 ஏப்ரல் 1992

கிஸ்லான்,

உன் கடிதம் இப்பத்தான் வந்துச்சு. துறைமுகத்துல யாரையோ பிடிச்சு, வேகமாப் போகற தபால்ல இதைச் சேர்க்கச் சொல்லியிருக்கேன். கூட்டத்துக்கு முந்தி உன் கைக்குக் கிடைக்கணும்.

படிச்சுட்டு போயாங்களுக்கு நடுவுல ஆடினேன். நிஜமாவே ஆடினேன். தேநீர்ப் பெரியவர் பார்த்துட்டுக் கதவைச் சாத்திட்டுப் போயிட்டார்.

ஆனா ஒண்ணு. ஊக்கு யாருதுன்னு நீ சொல்லாத. படத்தை மட்டும் வை. "முதல் குழாய்ல சேறு கலங்கியிருக்கு, உள்ளே ஒரு ஊக்கு இருக்கு"ன்னு சொல்லிட்டு உட்கார்ந்துடு. யாரோடதுன்னு அவங்க தேடட்டும். கப்பல்ல எத்தனையோ பேர் இருந்தாங்க. உன்னுதுன்னு சொன்ன அடுத்த நிமிஷம் சாவியைப் பிடுங்குவாங்க. உங்க வீட்டுல உன் சம்பளம்தான்னு எனக்குத் தெரியும். தம்பிக்கு இன்னும் படிப்பு முடியல.

இதுல மட்டும் என் பேச்சைக் கேளு. கெஞ்சறேன்னே வெச்சுக்கோ.

தலேந்தா


அகாதிர்
23 ஏப்ரல் 1992

தலேந்தா,

உன் கடிதம் கூட்டத்துக்கு முந்தின நாளே வந்துச்சு. படிச்சேன். கேட்கல.

ஹம்தூன் ஆரம்பத்திலேயே, "சேமிப்பில் இடம் போதவில்லை, இரண்டாம் குழாயைக் கழித்துவிடலாம்"னார். எல்லாரும் கையைத் தூக்கப் போனாங்க. காப்பாளர் பேசற வழக்கமே கிடையாது அங்க, உனக்குத் தெரியும், நான் தேநீர் ஊத்தத்தான் கூட்டத்துக்குப் போறது. கெண்டியை வெச்சுட்டு, படங்களை எடுத்து ஜன்னல் கண்ணாடியில ஒட்டினேன். வெயில் நல்லா விழுந்துச்சு. "கழிக்கறதுக்கு முந்தி இதைப் பாருங்க"ன்னேன்.

அனுமதி இருக்கான்னு ஹம்தூன் கேட்டார். "கத்தி படல சார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன், அவ்வளவுதான்"னேன். மொரித்தானியாவுல நுவாக்ஷோத்லேருந்து ஷேக்னான்னு ஒருத்தர் குழுவுல இருக்கார், எப்பவும் தூங்குவார். அவர் எழுந்து வந்து, மூக்குக்கண்ணாடியை ஏத்திக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். புழுவை விரலால தடவினார். அப்புறம் அடுத்த படத்துக்குப் போனார். "தம்பி ஹம்தூன், உங்க ஆதிகாலத்துல இந்த ஊக்கு எந்த வம்சத்தோடது?"ன்னு கேட்டார்.

எல்லாரும் சிரிச்சாங்க. ஹம்தூன் சிரிக்கல. யாரோ பொறாமை பிடிச்சவங்க பின்னாடி செருகினதுன்னார். சேமிப்புச் சாவி யார்கிட்ட இருக்குன்னு பாருங்கன்னார். என்னைப் பார்த்தே சொன்னார்.

அந்த இடத்துல நான் வாயை மூடிக்கிட்டிருந்தா, உன் பேச்சைக் கேட்டிருந்தா, ஊக்கு ஒரு சதின்னு ஆகியிருக்கும். என்னால முடியலடி. சொன்னேன்: "பின்னாடி யாரும் செருகல. அது என் முக்காட்டு ஊக்கு. அன்னிக்கு என் மடியில விழுந்த சேறு உங்க குழாயோடது, நான்தான் அள்ளித் திணிச்சேன். ஆறு வருஷமா நீங்க வானிலைன்னு சொல்லிக்கிட்டிருக்கறது என் கை."

அவருக்கு முகம் மலர்ந்துடுச்சு, பார்த்திருக்கணும் நீ. "ஒப்புக்கொள்கிறாளே! கவனமில்லாதவள் என்று அவளே சொல்கிறாள். இவள் கைபட்ட எதையும் நம்ப முடியாது. இரண்டு குழாயையும் கழிக்கவேண்டியதுதான்"னார்.

"ஆமா சார், நான் கவனமில்லாதவதான்"னேன். "என் கவனக்குறைவு உங்க குழாய்ல இருக்கு. அவ குழாய்ல புழு இருக்கு. கையையும் புழுவையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியாமலா பேராசிரியர் ஆனீங்க?"

ஷேக்னா தொண்டையைச் செருமிக்கிட்டு, ரெண்டு குழாயையும் கழிக்கக் கூடாது, ரெண்டையும் முழுசா எக்ஸ்ரே எடுக்கணும்னு தீர்மானம் எழுதச் சொன்னார். மத்தவங்க ஒவ்வொருத்தரா அவர் பக்கம் கையைத் தூக்கினாங்க. ஹம்தூன் தூக்கல. தூக்க வேண்டாம்.

அடுத்த தீர்மானம் என்னைப் பத்தி. சாவியை வாங்கிட்டாங்க. விசாரணை முடியற வரைக்கும் வரவேண்டாமாம், முடிஞ்சாலும் வரச் சொல்வாங்கன்னு தோணல. கொடுத்துட்டு வெளிய வந்தேன். கடற்கரை வரைக்கும் நடந்தேன். சுட்ட மத்தி மீன் வாங்கி நின்னுக்கிட்டே தின்னேன். தம்பிகிட்ட இன்னும் சொல்லல. நஜாத் கிளினிக்குல வரவேற்புல ஆள் தேடறாங்களாம், பார்க்கலாம்.

பயம் போயிடுச்சு தலேந்தா. அது என்னன்னு உனக்குப் புரியுமான்னு தெரியல. குளிர் அறையைத் தாண்டி நடக்கும்போது ஒரு கனம் இருக்கும், அது இல்ல.

நீ என்ன பண்ணின?

கிஸ்லான்


ஸ்ஃபாக்ஸ்
5 மே 1992

என் கிஸ்லான்,

அடங்காதவளே. உன்னை என்ன சொல்லித் திட்டறதுன்னு ரெண்டு நாள் யோசிச்சேன், ஒண்ணும் அமையல.

ஹம்தூன் திரும்பி வந்ததும் அந்தக் காகிதத்தை மறுபடி என் முன்னால வெச்சார். இப்ப கொஞ்சம் மாத்தியிருக்கார். "இரு குழாய்களும் நம்பத்தகாதவை, பிழை உதவியாளருடையது." தான் மூழ்கறப்போ நம்மையும் சேர்த்து இழுக்கறார். பேனாவை வாங்கினேன். அவருக்கு ஒரே சந்தோஷம். அவர் எழுதினது அத்தனையையும் கோடு போட்டு அடிச்சுட்டு, அடியில எழுதினேன்: "இரண்டாம் குழாயில் யார் கையும் படவில்லை. கோடு இருக்கிறது. மழை மூன்று நான்கு தலைமுறைக்குள் நின்றது. மறுபடியும் அப்படி நிற்கலாம்." கையெழுத்துப் போட்டு அவர் கையிலேயே கொடுத்தேன். அமைச்சகத்துக்கு ஒரு நகல் போயிருக்கு, படங்களோட. படிக்கறாங்களோ பக்லாவாவுக்கு அடியில விரிக்கறாங்களோ, அது அவங்க பாடு. மாமியார் ஊர் ஆளுங்களுக்கு நானே போய்ப் படிச்சுக் காட்டறதா இருக்கேன்.

வேலை போகுமா? போகலாம். இந்த மாசக் கடைசியில தெரியும். ஜூன்ல ஒரு தனியார் பள்ளியில புவியியல் சொல்லித்தர ஆள் கேட்கறாங்க. பிள்ளைங்க பாவம்.

கட்டுரையை முழுசாத் திருப்பி எழுதிட்டேன். புழுப் படம் இருக்கு. ஊக்குப் படமும் இருக்கு, பெருசா, அரைப் பக்கத்துக்கு. அது எப்படி உள்ளே போச்சுன்னு நீ கூட்டத்துல சொன்னதை அப்படியே எழுதியிருக்கேன், பூசி மெழுகல. இப்ப யாரும் சிவப்பு மையைத் தூக்கிட்டு வர முடியாது, ஏன்னா யார்கிட்டயும் காட்டல.

மேல ரெண்டு பேரு இருக்கு. உன் பேரு முதல்ல, என் பேரு ரெண்டாவது. உன்னைக் கேட்கல. கேட்டிருந்தா வேண்டாம்னு ஆறு பக்கம் எழுதியிருப்ப. இன்னிக்குக் காலையில தபால்ல சேர்த்தாச்சு, இனி மாத்த முடியாது.

உலகத்துல எந்த மூலையில எவன் நம்ம கோடு தப்புன்னு சொல்ல வந்தாலும், இனிமே முதல்ல உன் பேரைச் சொல்லிட்டுத்தான் ஆரம்பிக்கணும்.

தலேந்தா